கட்டாமைகளைப் பெருக்கும் முன்: தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
தலைமை வனவுயிரினக் காப்பாளர்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை விமான நிலையத்தில் பெட்டி நிறைய நட்சத்திர ஆமைகள் பிடிபட்டன என்ற செய்தி வரும்போதெல்லாம், அவற்றை வைத்தே ஓர் இனப்பெருக்க மையம் தொடங்கினால் என்ன என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். கால்நடை மருத்துவத்தில் என்னோடு படித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் அந்த யோசனைக்கு உங்கள் துறை இசைவு தருவதற்கு முன், அழிவை நோக்கிப் போகும் ஆமைகளை அடைப்பில் வைத்துப் பெருக்கும் வேலை உலகில் எங்கே கைகூடியது, எங்கே வீணாயிற்று, அதற்குக் காரணம் என்ன என்பதைச் சற்று விரிவாகவே உங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். நட்சத்திர ஆமையைப் பொறுத்தவரை இன்று முதலில் வேண்டியவை, பறிமுதலான ஒவ்வோர் ஆமைக்கும் ஒழுங்கான கணக்கு, அது திரும்பிப் போக ஓர் இடம் ஆகிய இரண்டுமே என்பது என் வாதம். இனப்பெருக்கத்துக்கென நாம் ஒதுக்கக்கூடிய பணமும் ஆளும் இடமும் அது இல்லாவிட்டால் மறைந்தே போகும் வேறு சில ஆமையினங்களுக்குச் செல்ல வேண்டும்.

நம் கிராமங்களில் கட்டாமை என்று சொல்லப்படும் இந்த உயிர் காட்டில் அற்றுப்போனதன்று. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலும், ஆந்திர, கர்நாடக முட்புதர்க் காடுகளிலும், வடமேற்கே குஜராத், ராஜஸ்தானிலும், இலங்கையின் உலர் வலயத்திலும் அது இன்றும் வாழ்கிறது. வயல் வரப்பிலும் வேலிப் புதரிலும்கூட மழைக்குப் பின் தென்படுவதுண்டு. அதற்கு நேர்ந்திருக்கும் கேடு முட்டை பொரியாததால் வந்ததன்று, களவினால் வந்தது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திர கர்நாடக எல்லைப் பகுதியில் உள்ள ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடி இந்த ஆமையை முதல் பட்டியலுக்கு உயர்த்தி, வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதைத் தடை செய்தது. நம் நாட்டுச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பதே குற்றம். இத்தனைக்குப் பிறகும் பெட்டிகள் பிடிபடுவது நிற்கவில்லை.

இந்த அளவில் வெளியேறும் உயிரை அடைப்பில் பெருக்கி ஈடுகட்ட முயல்வது, மடை உடைந்த ஏரிக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவது போன்றது. கட்டாமை ஒரு தடவைக்கு இடும் முட்டைகள் ஒன்று முதல் பத்துக்குள் அடங்கும். ஆண்டுக்குச் சில முறை முட்டையிடும் என்பது உண்மைதான். ஆனால் குஞ்சாகப் பிறந்தவற்றில் பெரும்பாலானவை காட்டில் முதல் சில ஆண்டுகளைக் கடப்பதில்லை. தப்பிப் பிழைத்து முட்டையிடும் பருவத்தை எட்டிய ஒரு பெண் ஆமை, பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து முட்டையிட்டால்தான் தனக்கு மாற்றாக ஒன்றிரண்டையாவது விட்டுச் செல்கிறது. ஆகவே ஆமையினங்களில் ஒரு முதிர்ந்த பெண்ணைக் காட்டில் உயிரோடு காப்பது, பல குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்ப்பதைவிடப் பயன் தருவது. இதை ஆமைகளின் தொகை பற்றிய நீண்டகால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. கடத்தல்காரர்கள் எடுத்துச் செல்வதிலோ குட்டி, பெரியது என்ற பாகுபாடே இல்லை.

இதனால் அடைப்பில் இனப்பெருக்கம் செய்வதே தவறு என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஓர் ஆமையினத்தை அந்த வேலை மட்டுமே காப்பாற்றிய இடங்கள் உண்டு. அவற்றில் மிகச் சிறந்தது கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் எஸ்பானியோலா தீவில் நடந்தது. கப்பல்காரர்கள் இறைச்சிக்காக அள்ளிச் சென்றதாலும், கொண்டுவிடப்பட்ட ஆடுகள் தீவின் செடிகொடிகளை மொட்டையடித்ததாலும், 1960களில் அங்கே எஞ்சியவை வெறும் 14 ஆமைகள். பன்னிரண்டு பெண், இரண்டு ஆண். ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத அளவுக்கு அவை தீவில் சிதறிக் கிடந்தன. அவற்றை 1963 முதல் 1974 வரை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து சாந்தா குரூஸ் தீவின் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தில் பல்லாண்டுகளாக இருந்த மற்றோர் ஆணும் அதே தீவினத்தைச் சேர்ந்தது என்று தெரியவர, அதையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். டியேகோ என்று பெயரிடப்பட்டு உலகப் புகழ் பெற்ற அந்த ஆமையோடு சேர்த்து மொத்த மூலதனம் பதினைந்து. முட்டைகளை அடைகாக்கும் பெட்டிகளில் வைத்து, வெப்பத்தை 28 டிகிரியில் நிறுத்தினால் ஆணும், 29.5 டிகிரியில் நிறுத்தினால் பெண்ணும் மிகுதியாகப் பிறக்கும் என்பதைப் பயன்படுத்தி, பெண் குஞ்சுகளைக் கூடுதலாகப் பெற்றார்கள். கிட்டத்தட்ட 2,000 இளம் ஆமைகள் தீவுக்குத் திரும்பின. அவை அங்கே தாமாகவே இனம் பெருக்கத் தொடங்கிவிட்டன என்று உறுதியான பின், 2020 ஜனவரியில் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அந்தப் பதினைந்து மூத்த ஆமைகளும் சொந்தத் தீவில் விடப்பட்டன.

இந்தக் கதையை எழுதுபவர்கள் டியேகோவின் ஆண்மையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நிர்வாகம் கவனிக்க வேண்டிய செய்திகள் வேறு. 1978க்குள் எஸ்பானியோலாவிலிருந்து ஆடுகள் முற்றாக அகற்றப்பட்டன. அதாவது எந்தக் காரணத்தால் ஆமைகள் அழிந்தனவோ அந்தக் காரணம் நீங்கியது. அங்கே ஆமையைத் திருட வருபவரும் இல்லை. அது ஆளற்ற தீவு. இன்னொன்று, முடிவுத் தேதி. எந்த நிலையை எட்டினால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்பதை அளந்து பார்த்து, உண்மையிலேயே நிறுத்தினார்கள். இவ்வளவு செய்தும் ஒரு குறை தங்கிவிட்டது. பிறந்தவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு டியேகோவும், மீதியில் மிகப் பெரும்பகுதிக்கு இன்னோர் ஆணும் தந்தை என்று மரபணுச் சோதனை காட்டியது. மூன்றாவது ஆணின் பங்கு மிகச் சிறிது. ஒரு தீவின் ஆமைகள் அனைத்தும் இவ்வளவு குறுகிய வம்சத்திலிருந்து வந்தவை என்பது எதிர்காலத்துக்கு நல்லதல்ல. வேறு வழி இருக்கவில்லை என்பதால் அதை ஏற்றுக்கொண்டார்கள். கலாபகஸின் மற்றொரு தீவான பிண்டாவுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. 1971இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட ஜார்ஜ் என்ற ஒற்றை ஆணுக்குத் துணை கிடைக்காமலே 2012 ஜூன் 24 அன்று அந்தக் கிளை முடிந்துபோனது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு மியான்மரில் இருக்கிறது. அங்குள்ள பர்மிய நட்சத்திர ஆமை நம் கட்டாமைக்கு மிக நெருங்கிய உறவு. நடு மியான்மரின் வறண்ட புதர்க்காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதது. சீனச் சந்தைக்கான வேட்டையால் 2000களின் தொடக்கத்திலேயே காட்டில் அது இல்லை என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. கடத்தலில் பிடிபட்டவை பெரும்பாலாகச் சேர்ந்த ஏறத்தாழ 175 ஆமைகளைக் கொண்டு, அந்நாட்டு வனத்துறையும் வனவுயிர் அமைப்புகளும் லோகானந்தா, மின்சோன்டாங், ஷ்வே செட்டாவ் ஆகிய மூன்று சரணாலயங்களில் வளர்ப்புக் குழுமங்களை அமைத்தன. 2017 வாக்கில் அவற்றில் இருந்த ஆமைகள் 14,000க்கும் மேல். இந்த எண்ணைத்தான் நம் ஊர் ஆர்வலர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். 2013 முதல் காட்டுக்குத் திரும்பியவை இவற்றில் ஒரு சிறு பகுதியே என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அவையும் சும்மா கொண்டுபோய் விடப்பட்டவை அல்ல. காட்டுக்குள்ளேயே மூங்கில் வேலியிட்ட அடைப்பில் மாதக்கணக்கில் வைத்து, அந்த நிலம் பழகிய பின்னரே திறந்துவிடப்பட்டன. ஓட்டில் அழியாத அடையாளம் பொறிக்கப்பட்டது. சுற்றியுள்ள கிராம மக்களும் பிக்குகளும் காவலுக்குத் துணை நின்றார்கள். பெருக்குவது எளிதாக இருந்தது. திருப்பி விடுவதில்தான் உழைப்பும் செலவும் அடங்கியிருந்தன. ஆயிரக்கணக்கில் அடைப்பில் காத்திருக்க, பாதுகாப்பான காடு சிலவற்றுக்குத்தான் கிடைத்தது.

மடகாஸ்கரின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. அந்நாட்டின் வடமேற்கில் பாலி விரிகுடாவை ஒட்டிய மூங்கில் புதர்களில் மட்டும் வாழும் கலப்பை ஆமைக்காக, 1986இல் டரல் அறக்கட்டளை என்ற வனவுயிர்க் காப்பு அமைப்பு அம்பிஜோரோவாவில் வளர்ப்பு மையம் தொடங்கியது. மிகத் திறமையாக நடத்தப்பட்ட மையம் அது. 1996இல் அங்கிருந்து 73 குஞ்சுகளும் இரண்டு முதிர்ந்த பெண் ஆமைகளும் திருடு போயின. மையம் மீண்டு எழுந்து, அங்கே பிறந்தவற்றைக் காட்டிலும் விட்டது. ஆனால் ஆசியச் செல்லப்பிராணிச் சந்தையில் அந்த ஆமைக்கு விலை ஏற ஏற, காட்டிலிருந்தவையும் விடப்பட்டவையும் ஒருங்கே களவு போயின. 2013 மார்ச்சில் பாங்காக் விமான நிலையத்தில் ஒரே பயணப் பெட்டியில் 54 கலப்பை ஆமைகள் பிடிபட்டன. காட்டில் அப்போது மிஞ்சியிருந்தவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஓட்டில் பெரிய எழுத்தைச் செதுக்கி அழகைக் கெடுத்தாவது விலையைக் குறைக்க முடியுமா என்று முயலும் நிலைக்குக் காப்பவர்கள் தள்ளப்பட்டார்கள். களவு நிற்காத காட்டில் விடப்படும் ஒவ்வோர் ஆமையும் திருடனுக்கு நாம் செலவழித்து வளர்த்துக் கொடுத்த சரக்கு என்பதை மறக்க முடியவில்லை. சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர் வழிகளில் செல்லும் நம் கட்டாமைகளையும் அதே சந்தைதான் வாங்குகிறது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் போதும் என்று தோன்றினால், நம் முதலைகளை நினைத்துப் பார்க்கலாம். 1975இல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, சதுப்பு முதலை உண்மையிலேயே அருகியிருந்தது. அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் உங்கள் துறையும், 1976இல் ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையும் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குட்டிகளை வளர்த்தன. இனப்பெருக்கம் என்ற அளவில் அது பெருவெற்றி. ஆனால் குட்டிகளை விடுவதற்கான நீர்நிலைகள் குறைந்துகொண்டே வந்தன. உள்ள நீர்நிலைகளின் கரைகளில் மனிதர்கள் இருந்தார்கள். 1990களின் நடுவில் முதலைகளைப் பெருக்குவதை நிறுத்தும்படி ஆணை வந்தது. அதன் பின் பல்லாண்டுகள் பண்ணைகள் வளர்ந்த முதலைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டும், முட்டைகளை அகற்றிக்கொண்டும் இருந்தன. அண்மையில் சென்னைப் பண்ணையிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் மையத்துக்கு அனுப்பி இடநெருக்கடியைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதுவும் உயர்நீதிமன்றம் வரை போன விவகாரம். முதலைப் பண்ணையை நான் குறை சொல்லவில்லை. அன்றைய நிலையில் அவர்கள் செய்தது சரியே. விடுவதற்கு இடம் எது என்பதைப் பெருக்குவதற்கு முன் முடிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் துறை நேரிலேயே பார்த்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஆமை முதலையைவிடச் சிறியது, சாதுவானது, மலிவாகத் தின்பது. ஆகவே அந்தத் தேக்கம் கண்ணில் படாமலே பல மடங்கு வளரும்.

இனி, பறிமுதலாகும் ஆமைகளைப் பற்றி. பணியில் இருந்த காலத்தில் இப்படிப் பிடிபட்டவற்றைப் பரிசோதித்திருக்கிறேன். கால்களும் தலையும் வெளியே வராதபடி ஒவ்வொன்றையும் பழுப்பு டேப்பால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, காலுறைக்குள் திணித்து, துணிகளுக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள். டேப்பை இழுத்துப் பிய்க்கக் கூடாது. சிறு குட்டிகளின் ஓடு விரல்நகம் போல் வளையும், ஓரத்தில் கிழியும். எண்ணெய் தடவி மெல்லக் கழற்ற வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைத் தாடை வரை மட்டும் நிற்கும்படி தட்டில் ஊற்றி விட்டால், முதலில் அசையாமல் கிடக்கும். சற்று நேரத்தில் கழுத்தை நீட்டி, மூக்கு வரை நீரில் அமிழ்த்தித் தொண்டை ஏறி இறங்கக் குடிக்கத் தொடங்கும். அதன் பிறகு சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைக் கழிவு வெளியேறும். அந்தக் கழிவு மணல்போல் கெட்டிப்பட்டு வந்தால், பல நாள் நீரின்றி இருந்தது என்று பொருள், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். நாக்கிலும் மூக்கோரத்திலும் நுரை தெரிகிறதா, கண் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்புற ஓடு உட்குழிந்திருந்தால் ஆண், தட்டையாக இருந்தால் பெண். இத்தனையும் செய்து எடை போட்டுக் குறித்துக்கொள்ள ஓர் ஆமைக்கு ஆகும் நேரத்தை நூற்றுக்கணக்கான ஆமைகளால் பெருக்கினால், இரவு இரண்டு மணிக்கு விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கும் பெட்டிக்கு எத்தனை பேர் தயாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும். நடைமுறையில் அந்த நேரத்தில் ஒரு வனக்காவலரும், பிளாஸ்டிக் கூடைகளும், யாரோ வாங்கி வந்த முட்டைக்கோசும் தக்காளியும்தான் இருக்கும். முட்டைக்கோசைக் கண்டால் ஆமை ஆவலாகத் தின்னும். ஆனால் அதன் உடம்புக்கு வேண்டியவை அருகம்புல், கீரைக்கொடிகள், சப்பாத்திக்கள்ளி மடல், அதோடு வெயிலும் சுண்ணாம்புச் சத்தும்.

அடுத்து வரும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஒரே பெட்டியில் இருப்பதால் அவை ஒரே காட்டிலிருந்து வந்தவை என்று கொள்ள முடியாது. இடைத்தரகர்கள் பல இடங்களில் பிடித்தவற்றைச் சேர்த்துவைத்துத்தான் அனுப்புகிறார்கள். தென்னிந்தியக் கட்டாமைகள் உருவில் சிறியவை. வடமேற்கிலும் இலங்கையிலும் உள்ளவை பெரியவை. சிங்கப்பூரில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நட்சத்திர ஆமைகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதைக் கண்டறிய, ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள் 2006லேயே மரபணு ஆய்வை வெளியிட்டார்கள். அதாவது இதற்கான நுட்பம் நம் கையில் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூலம் தெரியாத ஆமைகளை ஒரே கொட்டகையில் விட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்தால், ராஜஸ்தான் ஆணுக்கும் ராமநாதபுரம் பெண்ணுக்கும் பிறந்தது எந்தக் காட்டுக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. பெருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குழப்பமும் சேர்ந்து பெருகும்.

நோய் பற்றிய அச்சமும் மிகைப்படுத்தப்பட்டதன்று. அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளை 1990இல் அந்நாட்டரசு அருகிவரும் இனமாக அறிவிக்க நேர்ந்த காரணங்களில், மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் மூச்சுக்குழாய் நோயும் ஒன்று. வீடுகளில் வளர்த்துச் சலித்தவர்கள் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்ட ஆமைகளும் அது பரவ வழி செய்தன என்று கருதப்படுகிறது. அங்கும் ஒரு விந்தை நேர்ந்தது: காட்டில் குறைந்துகொண்டே வந்த அந்த ஆமை, லாஸ் வேகஸ் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் தேவைக்கு மேல் பெருகி, வளர்ப்போர் இனப்பெருக்கம் செய்ய விடக் கூடாது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. தனிமைப்படுத்திச் சோதிக்காமல் விடப்படும் ஒரு நோயாளி ஆமை, அந்தக் காட்டில் நன்றாக இருந்த ஆமைகளையும் சேர்த்துக் கொல்லும்.

அப்படியானால் இனப்பெருக்கக் கொட்டகை யாருக்கு வேண்டும்? வங்கத்துச் சுந்தரவனத்தின் படாகூர் பாஸ்கா என்ற ஆற்றாமையைப் பாருங்கள். ஒரு காலத்தில் கல்கத்தாச் சந்தைக்கு வண்டி வண்டியாக வந்த அந்த ஆமை, காட்டில் தேடிக் கிடைக்காத நிலைக்குப் போய்விட்டது. சஜ்னேகாலியில் புலிக்காப்பகத்தின் குளம் ஒன்றில் மறந்துபோய்க் கிடந்த பன்னிரண்டு ஆமைகள் 2008இல் கண்டுபிடிக்கப்பட, அவற்றிலிருந்து 2012 முதல் குஞ்சுகள் பெறப்பட்டன. 2022 ஜனவரியில் அவற்றில் பத்து, இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்டு ஆற்றில் விடப்பட்டன. சில எல்லை தாண்டி வங்கதேசம் வரை நீந்திச் சென்றன. பத்தே பத்து. ஆனால் அந்தப் பத்தும் எங்கே போயின என்று தெரிந்தது. நாகாலாந்தின் ரங்காபஹார் காட்சியகத்தில் ஆசியப் பெருநில ஆமைக்கு நடக்கும் வேலையும் இவ்வகையானதே. இவற்றுக்கு அடைப்பு இல்லாவிட்டால் வேறு கதியில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணை அருகிய ஆமையினங்களை வைத்துக் காத்துவரும் இடம், 1982இல் கேரளக் காட்டில் பிரம்பாமையை மீண்டும் கண்டுபிடித்து, பின்னாளில் அதன் பேரினத்துக்கே தன் பெயர் சூட்டப்பட்ட ஜெ. விஜயா அங்கிருந்து புறப்பட்டவர்தான். நம்மிடம் உள்ள அனுபவம் கட்டாமைக் குஞ்சுகளை எண்ணுவதில் கரைய வேண்டாம் என்பதே என் கவலை.

கட்டாமையைக் காட்டுக்குத் திருப்பும் முயற்சிகள் பக்கத்திலேயே நடந்திருக்கின்றன. கேரளத்தில் விமான நிலையங்களில் பிடிபட்டவற்றை, அம்மாநிலத்தில் அவை இயல்பாக வாழும் சின்னாறு சரணாலயத்தில் பராமரித்து விட்டிருக்கிறார்கள். சின்னாறு நம் ஆனைமலைக்கு அடுத்த வீடு. 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 ஆமைகள் விமானத்தில் கர்நாடகத்துக்குத் திரும்பின. எனவே நான் கேட்பது புதுமையான ஒன்றன்று. சிதறலாக நடப்பதை நம் மாநிலத்தில் ஒழுங்காக, ஆண்டுதோறும், எழுத்தில் பதிவாகும்படி செய்ய வேண்டும் என்பதுதான்.

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வளர்ந்த நம்மவர்கள், இன்று ஆமை இருந்தால் பணம் சேரும் என்று நம்பித் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். அரசே நட்சத்திர ஆமைகளைக் கூட்டம் கூட்டமாக வளர்க்கிறது என்ற செய்தி பரவினால், இது வளர்க்கத் தக்க பிராணிதான் என்ற எண்ணமே ஊன்றும். பண்ணையில் பிறந்தது என்று சொல்லிக் காட்டில் பிடித்ததை விற்கும் தந்திரம் உலக ஆமை வணிகத்தில் மிகப் பழையது. அதற்கு நாமே ஒரு வாயில் திறந்து தரக் கூடாது.

ஆகவே, பின்வருவனவற்றைக் கனிவோடு பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி பறிமுதலான உயிர் அரசின் உடைமை. அந்த உடைமைக்கு ஒரு பேரேடு வேண்டும். சுங்கத் துறையிடமிருந்து பெற்ற நாள், எண்ணிக்கை, எடை, பால், அடையாளச் சில்லு எண், இறந்தவை, வேறிடம் அனுப்பியவை, காட்டில் விட்டவை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்று, ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும். இறந்தவற்றின் எண்ணிக்கை சங்கடமாக இருக்கும்; அதை மறைக்காமல் வெளியிட்டால்தான் அடுத்த ஆண்டு குறைக்க முடியும். வண்டலூரில் உள்ள உயர்நிலை வனவுயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தின் வழிகாட்டலில், விமான நிலையத்துக்கு எட்டும் தொலைவில் ஒரு தனிமைப்படுத்தும் கூடம், இரவிலும் வரக்கூடிய மருத்துவக் குழுவோடு அமைய வேண்டும். அங்கே ஆணும் பெண்ணும் தனித்தனியே வைக்கப்பட வேண்டும். தவறி இடப்படும் முட்டைகளை என்ன செய்வது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பறிமுதலிலிருந்தும் இரத்த மாதிரி ஹைதராபாத் மையத்துக்குச் சென்று மூலம் தெரிந்த பிறகே, எந்தக் காட்டுக்கு என்பது முடிவாக வேண்டும். பிற மாநிலத்து ஆமைகளை அந்தந்த மாநில வனத்துறை ஏற்றுக்கொள்வதற்கான உடன்பாடு ஆந்திரத்தோடும் கர்நாடகத்தோடும் முதலில் எட்டப்பட வேண்டும்.

விடுவதற்கான இடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பதை அறிவேன். புதர்க்காடு என்றாலே தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதி, சூரிய மின் பண்ணைக்கோ மரம் நடும் திட்டத்துக்கோ கொடுத்துவிடும் வழக்கம் மாறாதவரை கட்டாமைக்கு இடமில்லை. இரண்டு மூன்று இடங்களையாவது, சுற்றியுள்ள ஊராட்சிகளின் இசைவோடு, மேய்ச்சல்காரர்களையே காவலர்களாக அமர்த்தி உறுதிப்படுத்த முடியுமானால், மியான்மரில் செய்ததைப் போல அடைப்பில் பழக்கி, சிறு எண்ணிக்கையில் விட்டு, குறைந்தது மூன்று மழைக்காலங்கள் பின்தொடர்ந்து பார்க்கலாம். காட்டுக்கு அனுப்பவே முடியாதவை எஞ்சும்: ஊனமுற்றவை, நோயுற்றவை, மூலம் தெரியாதவை. பறிமுதலான உயிர்களைக் கையாள்வது குறித்து உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அத்தகையவற்றை ஆயுள் முழுதும் பராமரிப்பதையும், வேறு வழியே இல்லாதபோது வலியின்றி உயிர் நீக்குவதையும்கூட வெளிப்படையாகப் பேசுகின்றன. நாமும் அதைப் பேசியே ஆக வேண்டும்.

இவற்றில் எவை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன, எவற்றுக்கு நிதியோ ஆணையோ ஆளோ தடையாக இருக்கிறது என்பதைத் துறை எழுத்தில் தெரிவித்தால், கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் தன்னார்வக் குழுக்களிலும் உதவக் காத்திருப்பவர்களுக்கு எங்கே கை கொடுப்பது என்று தெரியும். இரவுப் பணிக்கான மருத்துவர் பட்டியல் ஒன்று தயாரிக்கப்படுமானால் அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்